ஆறிச்சா?

என் டிராக்டர் சின்னது. பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். புத்தூர் சந்தைக்கு ஓட்டிப் போனால், "இது பெருசாவறதுக்கு எத்தினி நாளாவும்?" என்று யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார். ஆரம்பத்தில் பொறுமையாக விளக்குவேன். மாந்தோப்பில் கிளைக்கு அடியில் குனிந்து போகும், சின்னக் கழனியில் வரப்பை இடிக்காமல் திரும்பும், கடலைக்கு நடுவே களை ஓட்டும் என்றெல்லாம் சொல்வேன். பிறகு அலுத்துவிட்டது. "எரு போட்டு தண்ணி உட்டுக்கினு கீறேன், வளரும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். எனக்கு முன்கோபம் உண்டு. ஊரில் எல்லாருக்கும் அது தெரியும், என் டிராக்டர் சின்னது என்று தெரிந்த அளவுக்கு.

அந்த டிராக்டருக்குப் பின்னால் வைக்கோல் சுருட்டும் மிஷினை மாட்டிக்கொண்டு நானும் என் மாப்பிள்ளையும் சில வருடங்கள் ஊர் ஊராகப் போனோம். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் புருஷன். அதற்கு முன்னால் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். தங்கையைக் கட்டிய பிறகு நாலு பேர் முன்னால் 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும், சொல்வேன். இங்கே அவன் என்றே எழுதுகிறேன். அவர் என்று எழுதினால் வேறு யாரைப் பற்றியோ எழுதுகிற மாதிரி இருக்கிறது.

டிராக்டர் என்னுடையது, மிஷின் அவனுடையது. அவன் ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் வெல்டிங் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ரிப்பேருக்கு வந்த ஒரு சுருட்டு மிஷினைப் பிரித்துப் போட்ட நாளிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு. ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, வா என்று சொன்னதைக் கூடக் காதில் வாங்காமல், என் டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தான். பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான். "சின்ன மிஷினு ஒண்ணு கீது மச்சான். அத்த இழுக்கறதுக்கு உன்து போதும்" என்றான். பெரிய டிராக்டர்காரர்கள் இறங்காத குட்டிக் குட்டிக் கழனிகளை நாம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவன் யோசனை. அது நல்ல யோசனைதான். அவன் மிஷின் இல்லாவிட்டால் அறுப்புக் காலத்தில் என் டிராக்டருக்கு வேலை இல்லை. என் டிராக்டர் இல்லாவிட்டால் அவன் மிஷின் ஓர் அடி நகராது. அதைவிடப் பிடித்த வேலையை நாங்கள் இரண்டு பேரும் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை. அது எங்கள் கையை விட்டு எப்படிப் போனது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

வேலை பார்க்க எளிதாகத்தான் இருக்கும். அறுப்பு மிஷின் நெல்லை எடுத்துக்கொண்டு வைக்கோலைக் கழனி நெடுக வரிசையாகக் கொட்டிவிட்டுப் போயிருக்கும். அந்த வரிசை மேல் நான் மெதுவாக ஓட்டிப் போக வேண்டும். பின்னால் மிஷினில் இருக்கும் கம்பி விரல்கள் வைக்கோலை வாரி உள்ளே தள்ளும். உள்ளே அது பாய் போலச் சுருண்டுகொண்டே வரும். வயிறு நிறைந்ததும் மிஷின் ஒரு கத்து கத்தும். நான் வண்டியை நிறுத்துவேன். நூல் சுற்றிக் கட்டு இறுகியதும் பின்கதவு திறந்து, உருண்டையாக ஒரு கட்டு கழனியில் விழும். கோழி முட்டையிடுகிறது என்பான் அவன். ஒவ்வொரு பருவத்திலும் முதல் கட்டு விழும்போது இதைச் சொல்லியே தீர வேண்டும் அவனுக்கு. நானும் முதல் தடவை கேட்கிறவன் போலச் சிரிப்பேன்.

ஓட்டுவது என் வேலை. ஆனால் கண் முன்னால் இருந்தால் போதாது. வரிசை எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும், பின்னால் மிஷின் ஒழுங்காக வாருகிறதா என்றும் பார்க்க வேண்டும். பருவம் முடிகிறபோது என் கழுத்து வலப்பக்கமாகவே நின்றுவிடும். சோறு போடுகிறபோது என் மனைவி, "இந்தப் பக்கம் திரும்பித் துன்னுங்க" என்பாள். அவன் மிஷினுக்குப் பக்கத்தில் நடந்து வருவான். நூல் அறுந்ததா, உருளையில் ஏதாவது சிக்கியதா என்று பார்ப்பது அவன் பொறுப்பு. சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். நான் திரும்பிப் பார்த்தால் தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் நான் ஓட்டினேன்.

எல்லாவற்றையும் விட முக்கியம் வைக்கோல் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் உள்ளேயே சூடேறிப் பூஞ்சை பிடித்துவிடும், மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மிஷினுக்கும் ஆகாது, உருளையில் முடி சிக்குவது போலச் சிக்கிக்கொள்ளும். அதனால் தினம் காலையில் பனி விலகியதும் நான் பைக்கில் கழனிக்குப் போவேன். அடியிலிருந்து ஒரு பிடி உருவி முறுக்கிப் பார்ப்பேன். ஒடிந்தால் சரி. கயிறு போல முறுக்கிக்கொண்டால் இன்னும் நேரமிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புத்தூர் வீட்டிலிருந்து அவன் போன் வரும்.

"ஆறிச்சா?"

"ஆறிச்சி, வா."

இவ்வளவுதான் பேச்சு. வைத்துவிடுவோம். எப்போதும் கேட்பது அவன், சொல்வது நான். அப்படி யாரும் ஏற்பாடு செய்யவில்லை, தானாக அமைந்தது.

இந்த 'ஆறிச்சா'வைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிய எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் தமிழ், வரப்பில் ஏறினால் தெலுங்கு. தெலுங்கில் ஈரம் உலர்ந்துவிட்டதா என்று கேட்க 'ஆரிந்தா' என்பார்கள். தமிழில் சூடு தணிந்தால் ஆறியது என்போம். காபி ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும். இரண்டையும் பிறந்ததிலிருந்து பேசிப் பேசி எங்கள் வாயில் ஒன்றாகக் கலந்துவிட்டது. கொடியில் துணி உலர்ந்தாலும் ஆறிச்சி, டம்ளரில் காபி தணிந்தாலும் ஆறிச்சி. நாங்கள் அதைத் தமிழ் என்று நினைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அது தமிழ் இல்லை என்று எங்களுக்குச் சொன்னவன் என் மனைவியின் தம்பி. திருத்தணிக்காரன். கேலி பேசாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. ஒருமுறை எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது காலையில் என்னோடு கழனிக்கு வந்தான். போன் வந்தது, நான் ஆறிச்சி வா என்றேன். "இன்னா மாமா ஆறிச்சி? காபியா?" என்றான். வைக்கோல் என்றேன். வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தான். "வைக்கலு எங்கனா ஆறுமா? காஞ்சிச்சின்னு சொல்லு மாமா. வைக்கல தட்டுல ஊத்தி ஆத்துவீங்களா நீங்க?" அன்று முழுக்க அதே பேச்சு. என் மாப்பிள்ளை வந்ததும் அவனிடமும் சொல்லிச் சிரித்தான். அவனும் சிரித்தான். மறுநாள் காலை போன் செய்து, வேண்டுமென்றே குரலை நீட்டி, "ஆறிச்சாஆ?" என்று கேட்டான்.

அந்த மார்கழியில் புத்தலப்பட்டு பக்கம் வரை போயிருந்தோம். அங்கே ஒரு விவசாயி பக்கத்துக் கழனிக்காரர்களையும் சேர்த்துப் பேசி எங்களை வரவழைத்திருந்தார். அவர் மாட்டுக் கொட்டகையிலேயே தங்கி வேலை பார்த்தோம். கடைசிக் கழனியில் இருந்தபோது கிழக்கே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. கழனிக்காரர் வானத்தைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக நின்றார். மேட்டுப் பக்கம் நன்றாக உலர்ந்திருந்தது. கால்வாய் ஓரம் மட்டும் கசிவு இருந்து, அங்கே வைக்கோல் ஈரம். எனக்கு அது தெரியாது. மேட்டில் முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்திருந்தேன்.

கால்வாய் ஓரம் திரும்பியபோது அவன் பின்னாலிருந்து கத்தினான். டிராக்டர் சத்தத்தில் காதில் விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசிக்கொண்டிருந்தான். மேகம் வருகிறது, சீக்கிரம் போ என்கிறான் என்று நினைத்தேன். வேகத்தைக் கூட்டினேன். அவன் நிறுத்து என்றிருக்கிறான். கொஞ்ச தூரத்திலேயே ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. ஈர வைக்கோல் உருளையில் சுற்றிக்கொண்டு, பெல்ட் புகைந்து, மிஷின் நின்றுவிட்டது.

அவன் ஓடிவந்தான். "பின்னாடி பாக்க மாட்டியா? ஆடு மேய்க்கறவன் கூட திரும்பிப் பாப்பான்!" என்றான். நான் இறங்கி, "துணிய வீசினா இன்னான்னு தெரியும்? நில்லுன்னு கைய காட்டக் கூடாதா?" என்றேன். அவன் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, இரண்டு பேருக்கும் வாய் நீளம், யார் அதிகம் பேசினார்கள் என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு கட்டத்தில் அவன், இந்த விளையாட்டுச் சாமானை வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தது தன் தப்பு என்றான். என் டிராக்டரை அவன் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. நான், என் டிராக்டர் இல்லாவிட்டால் உன் மிஷினில் கோழிதான் அடைக்கலாம் என்றேன். கோழி என்றதும் கழனிக்காரரும் கூட நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். அவர்களுக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் தெரியும், கோழி மட்டும் புரிந்திருக்கிறது.

அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. அவன் பேச்சை நிறுத்தினான். என்னை நேராகப் பார்த்து, "சரேனண்டி. மீரு செப்பினட்டே" என்றான். சரிங்க, நீங்க சொல்றபடியே என்று தெலுங்கில், மரியாதையோடு.

இதைப் படிக்கிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எங்களுக்குள் சண்டை என்றால் தமிழில்தான் வரும். நீ, வா, போ என்று வரும். அவன் என்னை 'மீரு' என்றது அதுவரை கிடையாது. அடித்திருந்தால் கூட நான் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். அவன் பேசாமல் உட்கார்ந்து உருளையில் சுற்றியிருந்ததை அறுத்து எடுத்தான். நானும் கூட உட்கார்ந்து அறுத்தேன். முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் வண்டியைக் கொண்டுபோங்கள், நான் பஸ்ஸில் வருகிறேன் என்று அதையும் தெலுங்கிலேயே சொல்லிவிட்டு ரோட்டுக்கு நடந்தான். நான் அவன் மிஷினை இழுத்துக்கொண்டு தனியாக வீடு வந்தேன். வழியில் என்னைத் தாண்டிப் போன ஒவ்வொரு பஸ்ஸிலும் அவன் தெரிகிறானா என்று பார்த்தேன்.

மிஷினை என் கொட்டகையில் நிறுத்தி, மேலே தார்ப்பாய் போட்டு மூடினேன். அவன் போன் வரும் நேரத்துக்கு ஒவ்வொரு காலையும் என் காது தானாகக் காத்திருந்தது. வரவில்லை. பொங்கல் வந்தது. தங்கை மட்டும் பிள்ளைகளோடு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். "ரெண்டு பேருக்கும் இன்னா வயசாவுது? பசங்க கூட மறுநாள் ஒண்ணா ஆடுதுங்க. நீ ஒரு வார்த்த பேசக் கூடாதாண்ணா?"

"அவரு பேசட்டும். தெலுங்குல பேசனது அவருதான்" என்றேன்.

"தெலுங்குல பேசனா குத்தமா? ஊரே தெலுங்குல பேசுது." தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் போகும்போது, அவரிடம் நான் சொல்கிறேன், அவர் பேசினால் நீ நல்லபடியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். சரி என்றேன். மனதார சரி என்றேன்.

பொங்கல் முடிந்து என் கழனியில் அறுப்பு நடந்தது. வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடந்தது. அந்த வாரம் பனி அதிகம், வெயில் சரியாக ஏறவில்லை. ஒருநாள் காலை குனிந்து அடியிலிருந்து ஒரு பிடியை உருவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அதே நேரம். அவன் பெயர்.

"ஆறிச்சா?" என்றான். குரல் தணிந்துதான் இருந்தது. ஆனால் தமிழ்.

என் சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. சண்டை நடந்ததாகவே காட்டிக்கொள்ளாமல், பழையபடி வேலையை வைத்தே ஆரம்பிக்கிறான், அதுதான் அவன் குணம் என்று நினைத்தேன். நானும் ஒன்றும் நடக்காத மாதிரி பேச வேண்டும் என்று நினைத்தேன். கையில் இருந்த பிடியை முறுக்கிப் பார்த்தேன். கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது.

"எங்க ஆறிச்சி?" என்றேன். "மேலதான் ஆறனாப்போல தெரியுது. அடியில அப்டியேதான் கீது. இன்னும் ரெண்டு மூணு நாளு உடு, அப்பறம் பாக்கலாம்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு "சரி" என்றான். வைத்துவிட்டான்.

நான் வீட்டுக்குப் போய் மனைவியிடம், தங்கச்சி வீட்டுக்காரர் வரப்போகிறார், கருவாட்டுக் குழம்புக்கு ஏற்பாடு செய் என்றேன். அவனுக்கு அது பிடிக்கும். டிராக்டருக்குக் கிரீஸ் வைத்தேன். கொட்டகையில் தார்ப்பாயை எடுத்து மிஷினைத் துடைத்தேன். பழைய நூல் உருண்டையைக் கழற்றிப் புதிது மாட்டினேன். மறுநாள் காலை கழனியில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அடிக்கவில்லை. ரெண்டு மூணு நாள் என்று நாம்தானே சொன்னோம் என்று தேற்றிக்கொண்டேன். அதற்கப்புறமும் அடிக்கவில்லை. வைக்கோல் பொன்னாக உலர்ந்து, முறுக்கினால் படக்கென்று ஒடிந்தது. நான் போன் செய்திருக்கலாம். கேட்பது அவன், சொல்வது நான் என்றே பழகிவிட்டது. கேட்டவன் வருவான் என்று இருந்தேன். மிஷின் என் கொட்டகையிலேயே இருந்தது. அவன் இல்லாமல் அதை மாட்டுவது முறையாகப் படவில்லை.

காலம் தப்பி ஒரு மழை வந்தது. வங்காள விரிகுடாவில் ஏதோ உருவாகி, இரண்டு நாள் விடாமல் பெய்தது. வைக்கோல் முழுக்கக் கறுத்துப் போனது. மிதித்தால் நாறியது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. புத்தலப்பட்டில் வந்தது கோபமே இல்லை. கேட்டுவிட்டு, எந்த நாளில் தயாராகும் என்றும் தெரிந்துகொண்டு, வராமல் இருந்து என் வைக்கோலை மழையில் விட்டானே, இவ்வளவு வன்மமா என்று நினைத்தேன். இப்படி ஒருவனோடா பெஞ்சில் உட்கார்ந்தோம் என்று நினைத்தேன்.

தங்கை போன் செய்தாள். அவள் குரலும் சரியில்லை. "அவரு எறங்கி வந்து கேட்டாரு இல்ல? நீ இன்னாண்ணா சொன்ன?"

"கேட்டாரு. நானும் உள்ளத சொன்னன்" என்றேன்.

"உள்ளத சொன்னியா? நல்லா இருக்குது. ஒரு மனுஷன் அவ்ளோ தூரம் எறங்கி வந்தா அப்டிதான் சொல்லுவியா?"

"பின்ன பொய் சொல்ல சொல்றியா? கேட்டுட்டு வராம போனது யாரு?"

அவள் அழுதுகொண்டே வைத்துவிட்டாள். புருஷன் பக்கம் பேசுகிறாள் என்று நான் முணுமுணுத்தேன். அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். வைக்கோல் என்று நான் ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால் போதும். கோபம் என்று அவள் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று இருந்ததால் யாரும் சொல்லவில்லை.

மாசியில் ஒருநாள் சத்தியவேடு பக்கத்திலிருந்து ஒரு ஆள் டிராக்டரோடு வந்து வாசலில் நின்றார். மிஷினை உங்கள் மாப்பிள்ளை எனக்கு விற்றுவிட்டார், எடுத்துக்கொண்டு போக வந்தேன் என்று தெலுங்கில் சொன்னார். தார்ப்பாயை எடுத்துக் கொடுத்தேன். மாட்டும் கொக்கி கொஞ்சம் முரண்டு பிடிக்கும், இடப்பக்கம் தட்டினால் விழும் என்று காட்டிக் கொடுத்தேன். மிஷின் திரும்பி ரோட்டில் ஏறும் வரை நின்றேன். நான் மாட்டிய புது நூல் அதிலேயே இருந்தது.

அவன் தடா பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். ஷிப்ட் வேலை. அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிக்கொண்டு வாராவாரம் புத்தூர் வந்து போனான். நான் டிராக்டரில் மாந்தோப்புக்குத் தண்ணீர் தொட்டி இழுத்தேன், மருந்து அடித்தேன். கல்யாணம், காதுகுத்து என்று எங்காவது பார்த்துக்கொண்டால், "பாகுன்னாரா அண்டி?" என்பான். நல்லா இருக்கிறீர்களா என்று. நானும் விறைப்பாக, "பாகுன்னாமண்டி" என்பேன். இரண்டு தமிழர்கள் நின்றுகொண்டு இப்படிப் பேசுவதைப் பார்த்து மற்றவர்கள் விளையாட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். இப்படியே வருடங்கள் போயின.

போன ஆவணியில் அவன் புத்தூரில் வீடு கட்டி முடித்துப் பால் காய்ச்சினான். தாய்மாமன் என்ற முறையில் நான் போகாமல் இருக்க முடியாது. என் மனைவியின் தம்பியும் திருத்தணியிலிருந்து வந்திருந்தான். பூஜை முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். தங்கை எல்லாருக்கும் காபி கொடுத்தாள். அவன் சூடாகக் குடிக்க மாட்டான், எப்போதும் பக்கத்தில் வைத்துவிடுவான். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து தங்கை கேட்டாள். "உங்களுக்கு ஆறிச்சா?"

திருத்தணிக்காரன் விடுவானா? "இன்னாத்த கேக்குறன்னு வெவரமா கேளு தங்கச்சி. காபியா, வைக்கலா? உங்க ஊர்ல ரெண்டுத்துக்கும் ஒரே பேச்சு. தமிழ்நாட்டுக்காரன் வந்தா கொழம்பிப் பூடுவான்."

கூடம் முழுக்கச் சிரித்தது. பழைய கேலிதான், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பார்த்தால் அவன் சிரிக்கவில்லை. டம்ளரை எடுக்கப் போன கை நடுவில் நின்றிருந்தது. என்னைப் பார்த்தான்.

"அன்னிக்கி நா போன் பண்ணனே" என்றான். தமிழில். "பொங்கல் முடிஞ்சி. ஆறிச்சான்னு கேட்டனே."

"ம்."

"நீ சொன்னது வைக்கலயா?"

"பின்ன இன்னாத்த? நா கழனிலதான் நின்னுக்கினு இருந்தன். கையில முறுக்கிப் பாத்துக்கினேதான் சொன்னன். அடியில ஈரமா இருந்திச்சி."

அவன் டம்ளரைத் தள்ளி வைத்தான். "உன் கழனில அறுப்பு ஆனதே எனக்குத் தெரியாது மச்சான்" என்றான். "நா உன்ன கேட்டன்."

சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கைக்குப் புரிந்தது. கையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றவள் அப்படியே கதவில் சாய்ந்துகொண்டாள். மேலேதான் ஆறினது போல் தெரிகிறது, அடியில் அப்படியேதான் இருக்கிறது, இன்னும் ரெண்டு மூணு நாள் விடு. நான் சொன்னதை அவன் காதால் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். சமாதானத்துக்கு வந்தவனிடம் எதிரி கூட அப்படிச் சொல்ல மாட்டான். அவன் அந்த ரெண்டு மூணு நாளும் காத்திருந்து, என் போன் வரும் என்று பார்த்திருந்து, வராமல் போனபிறகுதான் மிஷினுக்கு ஆள் பார்த்திருக்கிறான். நான் இங்கே மிஷினைத் துடைத்து நூல் மாற்றிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவன் ட்யூட்டிக்குக் கிளம்பினான். பஸ் ஸ்டாண்டு வரை நானும் கூட நடந்தேன். பேசவேண்டியது இவ்வளவு இருந்தும் மிஷினைப் பற்றித்தான் பேசினோம். சத்தியவேடு ரோட்டில் அதை ஒருமுறை பார்த்தானாம், பெயிண்டு போய் உருளை ஆட்டம் கண்டிருந்ததாம். திரும்ப ஏதாவது பார்க்கலாமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினான். கம்பெனியில் நிரந்தரம் ஆகிவிட்டது, வெயிலில் மிஷினோடு நடக்க முட்டி ஒத்துக்கொள்ளாது, இப்போது பெரிய மிஷின்கள் சின்னக் கழனியிலும் இறங்குகின்றன என்றான். எல்லாம் சரியான பேச்சு. அந்த ஒரு காலைக்கு அப்புறமும் எங்களுக்கு எத்தனையோ பருவம் மிச்சம் இருந்திருக்கும் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீயாவது திரும்பி ஒரு போன் பண்ணி, இன்னாடா இப்டி சொல்றன்னு கேட்டு இருக்கலாமே மாப்ள" என்றேன். "திட்டியாவது இருக்கலாமே. உனக்கும் அவ்ளோ கோவமா?"

தடா போகும் பஸ் திரும்பி உள்ளே வந்துகொண்டிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"எனக்கு இன்னா கோவம் மச்சான்? நா அன்னிக்கி பஸ்ஸுல வரும்போதே ஆறிட்டன்" என்றான்.